டார்வினின் ஐயமும் எம்மாவின் கடிதமும்

சார்லஸ் டார்வினைப் பற்றி இரண்டு கதைகள் உலகில் வழங்கி வருகின்றன. அவர் பரிணாமக் கொள்கையைக் கண்டார், கண்ட அன்றே கடவுள் நம்பிக்கையைக் கைவிட்டார் என்பது ஒன்று. இறக்குந் தறுவாயில் தம் கொள்கைக்காக வருந்திக் கிறிஸ்துவிடம் மீண்டும் அடைக்கலம் புகுந்தார் என்பது மற்றொன்று. முதற்கதை அறிவியலின் நண்பர் சிலருக்கு இனிக்கும். இரண்டாவது சமயத்தின் நண்பர் சிலருக்கு இனிக்கும். இரண்டாவது கதை ஹோப் சீமாட்டி என்பவரின் கூற்றாக 1915-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. தந்தையாரின் இறுதிப் படுக்கையருகே இருந்த மகள் ஹென்ரியெட்டா 1922-இல் அதனை வெளிப்படையாக மறுத்துவிட்டார். ஆகவே அதனை இத்துடன் விடுவோம். முதற்கதை அவ்வளவு எளிதில் விடத்தக்கதன்று. அதில் உண்மையும் சிறிது கலந்திருக்கிறது.

1809-இல் பிறந்த டார்வின், எடின்பரோவில் மருத்துவக் கல்வியைப் பாதியில் விட்டு, 1828-இல் கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரியை அடைந்தார். ஆங்கிலத் திருச்சபையில் குருவாவதே அவருக்கென வகுக்கப்பட்ட வாழ்வு. அங்கே வில்லியம் பேலி என்ற சமய அறிஞரின் நூல்களைச் சுவைத்துப் படித்தார். வெளியில் கிடக்கும் கடிகாரம் ஒன்றைக் கண்டால் அதனைச் செய்த கைவினைஞன் ஒருவன் இருந்தான் என்று துணிகிறோம் அல்லவா? அவ்வாறே கண்ணையும் சிறகையும் கண்டு அவற்றை வகுத்தவன் ஒருவன் உளன் என்று துணியலாம் என்பது பேலியின் வாதம். இளைஞர் டார்வினுக்கு அது வடிவக் கணிதத்தைப் போலத் தெளிவாய் இருந்ததாம். பின்னாளில் அந்த வாதத்தையே வேரோடு அசைக்கப் போகிறவர், முதலில் அதனை நெஞ்சார நேசித்தவர் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

1831 டிசம்பர் 27-ஆம் நாள் ‘பீகிள்’ கப்பலில் அவர் புறப்பட்டபோதும் அந்நம்பிக்கை குன்றவில்லை. ஒழுக்கம் பற்றிய வினாவொன்றில் வேதாகமத்தையே முடிந்த முடிபாக எடுத்துக் காட்டியதற்காகக் கப்பல் அதிகாரிகள் அவரை நகையாடியதுண்டு. பயணம் ஏறத்தாழ ஐந்தாண்டு நீண்டது. 1835 பிப்ரவரி 20-இல் சிலி நாட்டில் பெரிய நிலநடுக்கம் நேர்ந்தது. கான்செப்சியோன் நகரின் இடிபாடுகளைக் காணச் சென்ற டார்வின், கடற்கரை நிலம் சில அடி உயர்ந்து, நீருக்கடியில் வாழ்ந்த சிப்பிகள் வெளியே கிடந்து அழுகுவதையும் கண்டார். இப்படிச் சிறிது சிறிதாகவே மலைகள் எழுந்தன எனின், பூமியின் வயது ஆறாயிரம் ஆண்டு என்ற கணக்கு எவ்வாறு பொருந்தும்?

ஆயினும், கப்பலினின்று இறங்கிய 1836 முதல் 1839 வரை அவர் சமயம் பற்றி மிகுதியாகச் சிந்தித்த காலத்தில், அவரை வருத்தியவை பெரும்பாலும் உயிரியல் வினாக்கள் அல்ல. பழைய ஏற்பாட்டின் உலக வரலாறு மற்ற மக்களின் புராணங்களினும் நம்பத்தக்கதா? அற்புதங்களுக்குச் சான்று போதுமா? நற்செய்தி நூல்கள் நிகழ்ச்சிகள் நடந்த காலத்திலேயே எழுதப்பட்டவையா? இவை ஒரு வரலாற்று மாணவன் கேட்கும் வினாக்கள். நம்பிக்கையை விட்டுவிட அவருக்கு மனமும் இல்லை. பாம்பேயி நகரின் இடிபாடுகளிலிருந்து உரோமப் பெரியோரின் பழங்கடிதங்கள் கிடைத்து, நற்செய்தியில் உள்ளவற்றை உறுதிப்படுத்தக் கூடாதா என்று அவர் பகற்கனவு கண்டதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். எந்தச் சான்று கிடைத்தால் மனம் நிறையும் என்று கற்பனை செய்வதும் நாளடைவில் அரிதாயிற்றாம். ஐயம் மிக மெல்ல வந்தது என்கிறார். அதனால் துன்பம் தோன்றவில்லை என்றும் சொல்கிறார்.

துன்பம் அவருக்கு வீட்டின் வழியாக வந்தது. மாமன் மகள் எம்மா வெட்ஜ்வுட்டை மணக்க எண்ணியபோது, சமய ஐயங்களை மனைவியிடம் மறைத்துவிடு என்று தந்தை அறிவுரை கூறினார். டார்வின் மறைக்கவில்லை. 1839 ஜனவரி 29-இல் திருமணம் நடந்தது. அதனை அடுத்து எம்மா தம் கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். மெய்ப்பிக்கப்படும் வரை எதையும் நம்பலாகாது என்னும் அறிவியல் பழக்கம், அவ்வகையில் மெய்ப்பிக்க இயலாத பொருள்களிலும் உங்கள் மனத்தை அளவுக்கு மிஞ்சி ஆட்கொள்ளாதா என்று அவர் அதில் அன்போடு வினவினார். மறுமையிலும் கணவரைப் பிரியாதிருக்க வேண்டும் என்ற ஏக்கம் வரிதோறும் ஒலிக்கிறது. அறிவியலும் நம்பிக்கையும் பற்றிப் பேரறிஞர் பலர் பெரும் நூல்கள் எழுதியிருக்கின்றனர். எனினும் முப்பது வயதுப் பெண் ஒருவர் எழுதிய இக்கடிதத்தின் வினாவைவிடக் கூர்மையான வினா அவற்றுள் மிகுதியாக இல்லை என்பது என் கருத்து.

டார்வின் அக்கடிதத்தை இறுதிவரை காத்துவைத்தார். தாம் இறந்த பின் எம்மா அறிந்துகொள்ளட்டும் என்று, அதனைப் பலமுறை முத்தமிட்டு அழுததாகத் தம் கைப்பட அதில் குறித்தும் வைத்தார்.

அவர்களுக்குப் பிறந்த பத்துக் குழந்தைகளுள் மூவர் சிறுவயதிலேயே மறைந்தனர். மூத்த மகள் ஆனி, நீர்ச் சிகிச்சைக்காக மால்வெர்ன் என்ற ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1851 ஏப்ரல் 23-இல் தன் பத்தாம் வயதில் உயிர் நீத்தாள். நிறைகர்ப்பிணியான எம்மா வீட்டைவிட்டு வர இயலவில்லை. தந்தை அருகிருந்தார். ஒரு வாரத்திற்குள் மகளைப் பற்றிய நினைவுக் குறிப்பொன்றை எழுதி, அவளை வாழ்த்தி முடித்தார். இம்மரணமே அவருடைய எஞ்சிய நம்பிக்கையை முறித்தது என்று கூறும் ஆய்வாளர் உளர். அதற்குப் போதிய சான்று இல்லை என்போரும் உளர். அவர் தாமே அப்படி எழுதியதில்லை.

1859 நவம்பர் 24-இல் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தது. திருச்சபை முழுவதும் அதனை எதிர்த்தது என்று எண்ணிவிடலாகாது. சார்லஸ் கிங்ஸ்லி என்ற குருவானவர் அதனை வரவேற்று எழுதினார். அவர் சொற்களை டார்வின் இரண்டாம் பதிப்பிலேயே சேர்த்துக்கொண்டார். ஹார்வர்டின் தாவரவியலறிஞர் ஆசா கிரே ஆழ்ந்த கிறிஸ்தவர். இயற்கைத் தேர்வும் இறைவன் திட்டமும் முரண்படா என்று அவர் எழுதிய கட்டுரைகள் 1861-இல் சிறு நூலாக வெளிவந்தபோது, டார்வின் அச்சுச் செலவில் பங்கேற்றார். தாம் உடன்படாத கருத்தைத் தம் பணத்தில் பரப்பியவர் அவர்!

உடன்படாமைக்குக் காரணம் என்ன? 1860 மே மாதம் கிரேக்கு எழுதிய கடிதத்தில் ஒருவகைக் குளவியைக் குறிப்பிடுகிறார். அது உயிருள்ள கம்பளிப்புழுவின் உடலில் முட்டையிடும்; பொரித்து வரும் குஞ்சுகள் அப்புழுவை உயிரோடு உள்ளிருந்து தின்று வளரும். நம் நாட்டிலும் குளவியும் புழுவும் பழைய உவமையே; குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைத் தன் வடிவாக்கும் என்று நம்பி, அதனைக் குருவின் அருளுக்கு ஒப்பிட்டனர். டார்வின் கண்ணுக்கோ புழுவின் வேதனையே தெரிந்தது. எல்லாம் வல்ல அருளாளன் இதனைத் திட்டமிட்டுப் படைத்தான் என்று தம்மை நம்புவிக்க இயலவில்லை என்றார். உடனே, இவ்வியத்தகு உலகம் முழுதும் குருட்டு விசையின் விளைவு என்றும் மனம் அமைதியுறவில்லை என்றார். நாய் ஒன்று நியூட்டனின் மனத்தை ஆராய முற்படுவது போன்றது இம்முயற்சி என்றும் சேர்த்துக்கொண்டார்.

1868-இல் மீண்டும் கிரேக்கு விடை கூறுகிறார். மலையினின்று உடைந்து விழுந்த கற்களுள் பொருத்தமானவற்றைத் தேர்ந்து ஒருவன் வீடு கட்டுகிறான். ஒவ்வொரு கல்லும் அவ்வடிவில் உடைந்தது இயற்கை விதியால். இவ்வீட்டுக்காகவே அது அவ்வாறு உடைந்தது என்று சொல்லலாமா? வீடு கட்டுபவன் இயற்கைத் தேர்வு. கற்கள் உயிரினங்களில் தோன்றும் சிறு வேறுபாடுகள். பேலியின் கடிகாரத்துக்கு முப்பதாண்டுக்கு மேற்பட்ட சிந்தனைக்குப்பின் வந்த மறுமொழி இது.

இவ்வளவும் எண்ணியவர் மேடையேறிச் சமயத்தைத் தாக்கினாரா எனில், இல்லை. 1880-இல் எட்வர்ட் ஏவ்லிங் என்ற நாத்திகர் தம் நூலை அவருக்குக் காணிக்கையாக்க இசைவு கேட்டபோது மறுத்தார். நேரடித் தாக்குதலால் பயனில்லை, அறிவியல் வளர்ச்சி மெல்ல மெல்ல மனங்களைத் தெளிவிக்கும் என்று எழுதினார். தம் குடும்பத்தாருக்கு உண்டாகும் வருத்தமும் தம்மைத் தடுத்திருக்கலாம் என்று ஒளிவின்றி ஒப்புக்கொண்டார். அதற்கு முந்திய ஆண்டு வேறொருவருக்கு எழுதியபோது, கடவுள் இல்லை என்று தாம் ஒருபோதும் மறுத்ததில்லை, அறியொணாமைவாதி என்பதே தமக்குப் பொருந்தும் பெயர் என்றார். கடவுட் பற்றும் பரிணாமக் கொள்கையும் ஒருவரிடமே இருக்கலாம் என்பதற்குக் கிங்ஸ்லியையும் கிரேயையும் சான்று காட்டினார். 1881-இல் அவர் ஐயம் தம் அறிவின்மேலேயே திரும்பிற்று: தாழ்ந்த உயிர்களினின்று வளர்ந்த மனித மனத்தின் முடிபுகளை எவ்வளவு நம்பலாம்?

1882 ஏப்ரல் 19-இல் அவர் மறைந்தார். தேவாலயம் செல்வதை எப்போதோ நிறுத்தியிருந்த அவரை வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்திலேயே அடக்கம் செய்தனர். 1887-இல் மகன் பிரான்சிஸ் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டபோது, நம்பாதவர்க்கு முடிவில்லாத தண்டனை என்னும் கோட்பாட்டைக் கடுஞ்சொல்லால் பழித்த பகுதியை எம்மாவின் விருப்பப்படி நீக்கினார். பேர்த்தி நோரா பார்லோ 1958-இல் விடுபட்டவற்றையெல்லாம் சேர்த்து முழுமையாகப் பதிப்பித்தார். எம்மாவின் அந்தக் கடிதமும், அதில் டார்வின் எழுதிவைத்த குறிப்பும் அதே நூலின் பின்னிணைப்பில் அச்சாகியுள்ளன.