மஞ்சளா, வெள்ளையா? கார் மூடுபனி விளக்கின் வரலாறு

ஓட்டுநர்கள் ஃபாக் லைட் என்று சொல்லும் மூடுபனி விளக்கு, காரின் முன் பம்பரில், முகப்பு விளக்குக்குக் கீழே பொருத்தப்படும் துணை விளக்கு ஆகும். இதன் ஒளி தொலைவுக்குப் பாயாது. தாழ்வாக, அகலமாக விரிந்து சாலையின் இரு ஓரங்களையும் காட்டும். ஒளிக்கற்றையின் மேல்விளிம்பு கத்தியால் அரிந்தது போல மட்டமாக இருக்கும். இவ்விளக்கு மஞ்சளாக இருப்பது நல்லதா, வெள்ளையாக இருப்பது நல்லதா என்ற விவாதம் 1930-களிலிருந்தே நடந்து வருகிறது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் போன்ற சமவெளிக் குடியிருப்பில் இது தேவையற்ற கேள்வியாகத் தோன்றலாம். மார்கழி, தை மாத விடியற்காலை தவிர, அங்கே சாலையை மறைக்கும் பனி அரிது. ஆனால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் ஏற்காடு. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்தச் சாலையில் காரைச் சூழ்ந்துகொள்வது பல வேளைகளில் சேர்வராயன் மலைச்சரிவில் வந்து படியும் மேகமே. தமிழில் பனி என்ற ஒரு சொல் புல்நுனித் துளி முதல் இமயத்து உறைபனி வரை எல்லாவற்றையும் குறித்துவிடுகிறது. வானிலை ஆய்வாளர்களோ, 1 கிலோமீட்டருக்கு அப்பால் கண் தெரியாத நிலையை மட்டுமே மூடுபனி என்பர்.

மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துச் செல்லும் என்பது பரவலான நம்பிக்கை. வானம் நீலமாக இருப்பதை 1871-இல் ரேலி விளக்கிய விதத்தை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அலைநீளம் குறைந்த நீல ஒளி அதிகம் சிதறும், மஞ்சள் குறைவாகச் சிதறும் என்பது அவ்விளக்கம். அது ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களுக்கே பொருந்தும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரை. மூடுபனித் துளியோ சில மைக்ரோமீட்டர் முதல் சில பத்து மைக்ரோமீட்டர் வரை பெரியது. இத்தகைய துகள்களில் ஒளி சிதறும் முறையை 1908-இல் குஸ்டாவ் மீ கணக்கிட்டார். அதன்படி பெரிய துளிகள் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன. மூடுபனி நீலமாக இல்லாமல் வெண்மையாகத் தெரிவதே இதற்குக் கண்கண்ட சான்று.

அப்படியானால் மஞ்சளுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? இதில் பெரும்பங்கு பிரான்சுக்கு உண்டு. 1936 நவம்பரில் அந்நாடு, மூடுபனி விளக்கு மட்டுமன்றி முகப்பு விளக்கும் மஞ்சளாகவே இருக்க வேண்டும் என விதித்தது. போரில் ஜெர்மானிய வண்டிகளிலிருந்து தம் வண்டிகளைப் பிரித்தறிய இப்படிச் செய்தார்கள் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. கேட்கச் சுவையான கதைதான். ஆனால் விதியின் முதன்மை நோக்கம் எதிரே வருபவரின் கண்கூச்சத்தைக் குறைப்பதே. வெள்ளை ஒளியிலிருந்து நீலத்தையும் ஊதாவையும் வடிகட்டி எடுத்த இந்த மஞ்சளைப் பெறத் தொடக்கத்தில் காட்மியம் கலந்த கண்ணாடியைப் பயன்படுத்தினர். அரை நூற்றாண்டுக்கு மேல் பிரெஞ்சுச் சாலைகள் இரவில் மஞ்சளாகவே ஒளிர்ந்தன. ஐரோப்பிய நாடுகளின் விதிகள் ஒன்றாக்கப்பட்டபோது, 1993-இல் அக்கட்டாயம் நீங்கியது.

பிரெஞ்சு விதியில் உண்மை இல்லாமலில்லை. நம் கண் நீல ஒளியை விழித்திரையில் கூர்மையாகக் குவிப்பதில்லை. கண்ணுக்குள்ளும் அது ஓரளவு சிதறுகிறது. நீலம் மிகுந்த ஒளி கண்ணை அதிகம் உறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே மஞ்சளின் நன்மை பனியில் இல்லை, பார்ப்பவரின் கண்ணில் இருக்கிறது. இதற்கு விலையும் உண்டு: நீலத்தை வடிகட்டும்போது விளக்கின் ஒளியில் ஏறத்தாழ 15 விழுக்காடு குறையலாம். 1976-இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு, சாலைப் பாதுகாப்பில் இரு நிறங்களும் சமமே என்று முடித்தது.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இது கார்களின் பேச்சு மட்டுமன்று. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரிகள் நாடெங்கும் ஓடுபவை. டிசம்பர், ஜனவரியில் வடக்கே போகும் ஓட்டுநர், கங்கைச் சமவெளியில் பத்தடிக்கு முன்னால் நிற்கும் வண்டி தெரியாத மூடுபனியில் மாட்டிக்கொள்ள நேரும். விளக்குக் கண்ணாடியில் மஞ்சள் தாள் ஒட்டும் பழக்கத்தை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் முகப்பு விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு ஒட்டியதும் எதிரே வருபவரின் கண்ணைக் காக்கவே. முன் மூடுபனி விளக்குக்கு ஐரோப்பிய விதிகளைப் போலவே இந்தியத் தரநிலையும் வெள்ளை, மஞ்சள் இரண்டையும் ஏற்கிறது.

எல்.இ.டி. வந்த பிறகு பழைய விவாதம் சற்று மாறிவிட்டது. ஹாலோஜன் பல்பின் வெள்ளை, இயல்பாகவே மஞ்சள் சாய்ந்தது. நிறவெப்பநிலை சுமார் 3,200 கெல்வின். அதற்கு மேல் மஞ்சள் வடிகட்டி போடுவதால் பெரிய ஆதாயம் இல்லை. இன்று கடைகளில் விற்கும் 6,000 கெல்வின் எல்.இ.டி. விளக்கோ நீலம் கலந்த வெள்ளை. அதற்கும் மஞ்சளுக்கும் இடையே தேர்வு என்றால், ஏற்காட்டுக்கு அடிக்கடி போகிறவர் மஞ்சளை எடுப்பதே நல்லது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஹாலோஜன் பொருத்திய காரில் இருப்பதை மாற்ற வேண்டியதில்லை.

எந்த நிறமானாலும் விளக்கின் கோணம் தவறினால் பயனில்லை. ஒளி மேல்நோக்கிப் போனால், துளிகளில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வந்து வெள்ளைச் சுவர்போல் நிற்கும். பனியில் பிரைட் போட்டவர் உடனே டிம்முக்கு மாறுவது இதனால்தான். ஹாலோஜன் பல்புக்கென வடிவமைத்த கூட்டில் எல்.இ.டி. பல்பைத் திணிக்கும்போதும், ஒளி எழும் புள்ளி இடம் மாறி அந்த மட்டமான மேல்விளிம்பு கலைந்துவிடும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி நிறத்தை விட்டுவிட்டு இதைத்தான் பார்க்கிறது: விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அதன் வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக் கூடாது.