அடைப்பதா? திறப்பதா?

இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியிலே நாட்டிங்காம் என்றோர் நகர். இராபின் ஹூட் கதை படித்தோருக்கு அப்பெயர் புதிதன்று. செல்வரிடம் பறித்து ஏழைக்கு ஈந்த அந்த வில்லாளி உண்மையிலேயே வாழ்ந்தானா என்பதற்கு உறுதியான சான்றில்லை. ஆனால், அந்நகரின் தெருக்களுக்கடியிலே நூற்றுக்கணக்கான குகைகள் உள்ளன. அதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை, அக்குகைகளே சான்று!

குன்றின் உச்சியிலே கோட்டையும் இருக்கிறது. 1831இல், வாக்குரிமைச் சீர்திருத்தத்தைப் பிரபுக்கள் அவை தள்ளிவிட்டது என்று கேட்டுக் கொதித்தெழுந்த மக்கள், அங்கிருந்த கோமகன் மாளிகைக்குத் தீ வைத்தனர். அது சுவையான வரலாறு. பிறிதொரு நாள் பேசலாம். இன்று நாம் காண வேண்டுவது குன்றின் முடியை அல்ல, அடியை.

நாட்டிங்காம் மென்மையான மணற்கல்லின் மீது அமைந்த நகர். கைக்கருவி கொண்டே குடையலாம். குடைந்தபின் வடிவு குலையாது நிற்கும். 893ஆம் ஆண்டிலேயே, ஆல்பிரட் மன்னனின் வரலாற்றை எழுதிய ஆசர் என்ற துறவி, இவ்வூருக்குக் குகைகளின் இல்லம் எனப் பொருள்படும் பழம்பெயர் ஒன்று இருந்ததைக் குறித்து வைத்தார். இதுவரை கணக்கிடப்பட்டவை 800க்கும் மேல். அவற்றுள் ஒன்றுகூட இயற்கை தந்ததன்று. எந்தத் தெய்வமும் திருக்கரத்தால் தொட்டுத் திறந்ததுமன்று! அத்தனையும் மனிதன் குடைந்தவை. பெயர் தெரியாத மனிதன், கூலிக்கு உழைத்த மனிதன், குனிந்த முதுகோடு கும்மிருட்டிலே கல்லைக் கொத்திய மனிதன்.

எதற்காகக் குடைந்தான்? மதுவை வைக்க, மாவூறலுக்குத் தானியம் உலர்த்த, மணல் எடுக்க, தோல் பதனிட. ஒரு குகையிலே, தோலை ஊறவைப்பதற்கெனப் பாறையிலேயே வெட்டிய தொட்டிகள், வட்டமாகவும் நீள்சதுரமாகவும் வரிசையாக இன்றும் காணப்படுகின்றன. பிரிட்டனில் நிலத்தடித் தோல் பதனிடும் கூடமாக அறியப்பட்டிருப்பது இது ஒன்றே. நாற்றமெடுக்கும் தொழிலை நகருக்கடியிலே தள்ளிவிட்டு, காலணியை மட்டும் மேலே அணிந்து நடந்தனர், கனவான்கள்!

குடியிருக்கவும் குகைதான், ஏழைகளுக்கு. காரணம் என்ன? ஊரைச் சுற்றி வெளிநிலம் இல்லையா? இருந்தது, விரிந்து பரந்து கிடந்தது. ஆனால் அந்நிலத்திலே மேய்ச்சல் உரிமை பெற்றிருந்த நகரத்தார், அங்கே வீடு எழ இடந்தரவில்லை. ஆலைத்தொழில் பெருகிற்று, மக்கள் தொகை பெருகிற்று, ஊரின் எல்லை மட்டும் பெருகவில்லை. மாட்டுக்கு வெளி இருந்தது, மனிதனுக்கு இல்லை. நெருக்கியடித்த சந்துகளிலும், கூரைக்கு அடியிலும், குகைக்குள்ளும் குடும்பம் நடத்தினான் தொழிலாளி. 1832இல் வாந்திபேதி வந்தது. முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமோ!

1845இல் சட்டம் பிறந்தது. வெளிநிலங்கள் வீடுகட்டத் திறந்துவிடப்பட்டன. நிலவறையையும் குகையையும் ஏழைகளுக்குக் குடியிருக்க வாடகைக்கு விடலாகாது என்ற தடையும் அச்சட்டத்திலேயே அமைந்தது. நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. ஆயின் நில ஒதுக்கீடு முற்றுப்பெற 1865 வரை ஆயிற்று. குகைக் கதவு அன்றே அடைபட வேண்டும், வீட்டுக் கதவோ பின்னர்த் திறக்கும்! இடைக்காலத்திலே ஏழை எங்கே போவான்? தடையை மீறிக் கள்ளத்தனமாகக் குகைக்கே திரும்பினான் என்கின்றனர் ஆய்வாளர். மது வணிகரின் பீப்பாய்கள் மட்டும் குகைக்குள் சட்டப்படியே குளிர்ந்து கொண்டிருந்தன.

அடைத்தவற்றைத் திறக்கும் நாளும் வந்தது. இரண்டாம் உலகப் போர்! வானிலிருந்து குண்டு விழும் என்றதும், மறந்துபோன குகைகளெல்லாம் நினைவுக்கு வந்தன. பழைய மணற்சுரங்கங்களும் நிலவறைகளும் புகலிடங்களாயின. 1941 மே 8ஆம் நாள் இரவு ஜெர்மானிய விமானங்கள் நகரைத் தாக்கியபோது, என்றோ எவனோ குடைந்த கல்லறைக்கூடங்கள் பல உயிர்களைக் காத்தன. போர் ஓய்ந்தது; வாயில்கள் மீண்டும் அடைபட்டன.

அடுத்து வந்த பகை வானிலிருந்து வரவில்லை; திட்டமாக வந்தது. 1960களிலே, ட்ரூரி ஹில் என்ற பழந்தெருவை இடித்துப் பெருங்கடை வளாகம் கட்ட முனைந்தனர். தோண்டத் தோண்டக் குகைகள் வெளிப்பட்டன. முன்னே சொன்ன தோல் கூடமும் அவற்றுள் ஒன்று. கான்கிரீட் கொட்டி நிரப்பிவிடுவோம் என்பதே முதல் எண்ணம். மக்கள் எதிர்த்தனர். குகைகள் தப்பின, காக்கப்பட வேண்டிய தொல்சின்னம் என்ற தகுதியும் பெற்றன. வளாகம் அவற்றின் தலைமீதே எழுந்தது. வேடிக்கையைக் கேளுங்கள்: 2020இல் வளாகத்தின் உரிமையாளராக இருந்த நிறுவனம் நொடித்தது, கட்டடத்தை இடிக்கலாயினர். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே குடையத் தொடங்கிய குகையோ இருந்த இடத்திலேயே இருக்கிறது!

அதற்காக எல்லாவற்றையும் திறந்தே வைக்க வேண்டும் என்று நான் வாதிட வரவில்லை. மணற்கல்லுக்கு நீர் பகை. மேலே ஒரு குழாய் கசிந்தால் கீழே கூரை வலுவிழக்கும். அக்கூரைமேல் வீடும் சாலையும் நிற்கின்றன. துடுக்கான சிறுவர்கள் விளக்கும் துணையுமின்றி நுழைந்துவிடுவர். பொறியாளர் அஞ்சுவதிலே பொருள் இருக்கிறது. ஆனால் அடைப்பது வேறு, நிரப்புவது வேறு. இரும்புக் கதவிட்டு அடைத்தால், நாளைய ஆய்வாளன் திறந்து பார்ப்பான். கான்கிரீட் கொட்டினால்? படிக்கப்படாத ஏட்டைப் பரணிலே வைப்பதற்கும் அடுப்பிலே வைப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. கூரை உயிருக்கு ஊறு செய்யும் நிலையில் இருந்தால் நிரப்பட்டும். அப்போதும் அளந்து, வரைந்து, படமெடுத்து, அதன்பின் நிரப்பட்டும்.

திறப்போரையும் கேள்வி கேட்டாக வேண்டும். ரௌஸ் என்பவரின் மணற்சுரங்கம் ஒன்று அந்நகரில் உண்டு. 1780 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தொழிலாளர் மணல் வெட்டிய இடம். பிற்காலத்தில் அதைக் காட்சிப் பொருளாக்கியபோது இட்ட பெயர் என்ன தெரியுமா? இராபின் ஹூட்டின் மாபெரும் குகை! வெட்டியவன் பெயர் போயிற்று, வில்லாளியின் பெயர் விலைபோயிற்று. கோட்டைக் குன்றின் அடியிலே குகைகளோடு ஒட்டி நிற்கும் மதுக்கடையின் சுவரிலே 1189 என்று ஆண்டு பொறித்திருக்கிறார்கள். ஆவணமோ இல்லை, கட்டடமோ பதினேழாம் நூற்றாண்டினது. பொய்யைப் பூசித்தான் திறக்க வேண்டுமென்றால், மூடியே இருக்கட்டும் என்றுகூடச் சில வேளை தோன்றுகிறது.

2010 முதல் தொல்லியல் ஆய்வாளர்கள் லேசர் கருவிகளோடு உள்ளே இறங்கி, குகை குகையாக அளந்தனர். கருவியின் கதிர் சுவரெங்கும் பட்டுத் திரும்ப, பல நூறாயிரம் புள்ளிகளால் குகையின் வடிவம் கணித்திரையிலே எழுகிறது: தூண், படி, தொட்டி, விளக்கு மாடம், கல்லிலே உளி பதித்த கோடு.