தாது வருஷப் பஞ்சம்: வானமா, ஆட்சியா?

எங்கள் தோணிரேவை அடுத்த பழவேற்காட்டு ஏரியை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாய் செல்கிறது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் பகுதி, 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. அப்பஞ்சம் எதனால் விளைந்தது? வகுப்பறையில் நான் பன்முறை எழுப்பிய வினா இது.

1876இல் பருவமழை பொய்த்தது. பசிபிக் பெருங்கடல் மிகுதியாக வெப்பமுற்றமையே அதற்குக் காரணம் என்பர் இன்றைய அறிவியலார். ஆகவே, குற்றம் இயற்கையினுடையதே என்பாரும் உளர். அது பாதி உண்மை.

மறுபாதியையும் காண்போம். தானிய வாணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பது வைசிராய் லிட்டன் பிரபுவின் கொள்கை. தென்னாடு பசித்திருக்க, வடநாட்டுக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையாளின் நாட்கூலியை 1 இராத்தல் தானியமும் சொற்பக் காசுமாகக் குறைத்தார். உழைக்கும் உடலுக்கு அது போதாதெனச் சென்னைச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். அதன் பின்னரே கூலி உயர்ந்தது. அதற்குள் மாண்டோர் எத்துணையோ பேர்!

மழையின்மை விளைச்சலை அழித்தது. மனிதர் வகுத்த விதிகள் பசியைச் சாவாக்கின. இதுவே என் துணிபு. 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை அளித்தது. அதன் பயனாகப் பஞ்ச விதித்தொகுப்பு பிறந்தது. அச்சாவுகள் தடுக்க இயலாதவை எனில், அவ்விதிகள் எதற்கு? சிந்தியுங்கள்.