எல்லை கடந்த ஈரடிப்பு எந்திரம்

பொருளை மதிலிட்டுக் காத்தல் கூடும். அறிவை அவ்வாறு காத்தல் அரிது. ஒரு நாட்டார் அரும்பாடுபட்டுக் கண்ட நுட்பம் மற்றொரு நாட்டாரின் புகழுக்கு ஏதுவாதல் வரலாற்றிற் பலகாலும் நிகழ்ந்துள்ளது. மோட்டார்ச் சைக்கிளின் வரலாற்றில் இதற்குச் சான்றாய் விளங்குவது ஜேர்மனியின் சாக்சனி நாட்டிலுள்ள ட்சோப்பாவ் என்னும் சிறு நகரம். மலைச் சாரலில் ஆற்றங்கரையில் அமைந்த அந்நகரிலிருந்து ஈரடிப்பு எந்திரத்தின் நுட்பம் இரு முறை வெளியேறிற்று. முதன்முறை, போரில் வென்றோர் அதனை எடுத்துச் சென்றனர். இரண்டாம் முறை, பந்தய வீரர் ஒருவர் தம் நினைவிற் சுமந்து சென்றார்.

ஈரடிப்பு எந்திரம் என்பது யாது? மோட்டார் வண்டிகளிற் பெரும்பாலும் உள்ளது நாலடிப்பு எந்திரம். அதன் உருளையினுள்ளே பிஸ்டன் மேலும் கீழுமாக நான்கு முறை நகர்ந்தால் ஒரு முறையே எரிபொருள் வெடித்து வலுவைத் தரும். ஈரடிப்பு எந்திரத்திலோ இரண்டு நகர்வுக்கு ஒரு வெடிப்பு உண்டு. ஸ்கொத்துலாந்து நாட்டவரான டூகல்ட் கிளார்க் 1881-இல் இத்தகைய எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னர், 1890-களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே அதனை மேலும் எளிமையாக்கினார். வால்வுகள் நீங்கின, உருளையின் சுவரில் அமைந்த துவாரங்களைப் பிஸ்டனே திறந்தும் மூடியும் தொழிற்பட்டது. அசையும் உறுப்புகள் சிலவே ஆதலின் விலையும் எடையும் குறைந்தன.

ஆயினும் அதற்கொரு பெருங்குறை இருந்தது. எரிந்த புகை வெளியேறும் வேளையிலேயே புதிய எரிபொருட் கலவையும் உட்புகுதல் வேண்டும். அவ்வாறு புகுந்த கலவையில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு வெளியே ஓடிவிடும். பெற்றோலுடன் எண்ணெயையும் கலந்து ஊற்றவேண்டியிருந்தமையால் நீலப் புகையும் சூழ்ந்தது. ஏழையின் வண்டிக்கு ஏற்றதேயன்றிப் பந்தயத்துக்கு உரியதன்று என்று நாலடிப்பு எந்திரத்தார் அதனை இகழ்ந்தனர்.

டென்மார்க்கிலிருந்து வந்து ட்சோப்பாவில் தொழிற்சாலை நிறுவிய ஸ்காஃப்டே ராஸ்முசென் என்பார் அவ்விகழ்ச்சியைப் பொருட்படுத்தினாரல்லர். அவரது டி.கே.டபிள்யூ. நிறுவனம் ஈரடிப்பு வண்டிகளையே பெருக்கி, 1928 அளவில் உலகிலேயே மிகுதியான மோட்டார்ச் சைக்கிள்களைச் செய்யும் நிறுவனமாயிற்று. புதிய கலவை உருளைக்குள் வளைந்து சுழன்று எழுந்து பழைய புகையை வெளியே தள்ளுமாறு துவாரங்களை அமைக்கும் ஷ்னூர்லே என்பவரின் முறையையும் அந்நிறுவனம் 1930-களிற் கையாண்டது. அவ்வழியே ஹெர்மன் வேபர் வடிவமைத்த ஆர்.டி. 125 என்னும் சிறு வண்டி 1939-இல் வெளிவந்தது.

அவ்வாண்டிலேயே போர் மூண்டது. 1945-இல் ஜேர்மனி வீழ்ந்தபின், ஆர்.டி. 125-இன் வடிவம் வென்றோர் யாவர்க்கும் பொதுச் சொத்தாயிற்று. சோவியத்து நாட்டில் அது மொஸ்க்வா என்னும் பெயர் பெற்றது. இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ. பாண்டம் எனவும், அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தின் சிறு வண்டியாகவும் உருவெடுத்தது. யப்பானில் யமகா நிறுவனம் 1955-இற் செய்த முதல் வண்டியும் அதன் வழி வந்ததே. அதனைப் படைத்த வேபரோ சோவியத்து நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டு 1948-இல் அங்கேயே மறைந்தார். நுட்பம் ட்சோப்பாவை விட்டகன்ற முதன்முறை இது.

போருக்குப் பின் அந்நகரம் கிழக்கு ஜேர்மனியின் ஆட்சிக்குட்பட்டது. அரசுடைமையான தொழிற்சாலை பின்னர் எம்.சட். எனப் பெயர் பெற்றது. 1953-இல் அதன் பந்தயப் பிரிவுக்கு வால்டர் காடன் பொறுப்பேற்றார். போர்க்காலத்தில் ஹென்ஷெல் விமான நிறுவனத்திற் பணியாற்றிய பொறியியலாளர் அவர். பொருளும் கருவியும் அரிதாயிருந்த அக்காலத்தில், சிறு குழு ஒன்றைக் கொண்டே அவர் தமது ஆய்வைத் தொடங்கினார்.

காடன் கருத்தைச் செலுத்தியது புகைக்குழாயின் மீது. துவாரம் திறந்தவுடன் புகை வெடித்துப் பாயும்போது அழுத்த அலை ஒன்று குழாய்வழியே ஒலியின் விரைவில் ஓடும். அலை எதிரொலித்துத் திரும்பும் இயல்புடையது. இவ்வியல்பைப் பயன்படுத்த அவர் குழாயை முதலிற் கூம்புபோல் விரியவும், பின்னர் மறுபடி சுருங்கவும் அமைத்தார். விரியும் பகுதியிலிருந்து திரும்பும் அலை உருளையிலுள்ள பழம் புகையை உறிஞ்சி வெளியேற்றும். சுருங்கும் பகுதியிலிருந்து திரும்பும் அலையோ, வெளியே நழுவப் பார்க்கும் புதிய கலவையை, துவாரம் மூடுமுன் மீண்டும் உருளைக்குள்ளே தள்ளிவிடும். வெறுந் தகட்டால் ஆன, அசையாத ஒரு குழாய் காவற்காரனின் வேலையைச் செய்தது. எரிபொருட் கலவையை உள்ளே விடுவதற்குச் சுழலும் தட்டு ஒன்றையும் அவர் பொருத்தினார். அதனை முன்னரே தம் பந்தய வண்டியிற் செய்து பார்த்தவர் டேனியல் சிம்மர்மன் என்பவர்.

பயன் பெரிதாயிற்று. 1961-இல் காடனின் 125 சி.சி. எந்திரம் நிமிடத்துக்கு 10,800 சுழற்சியில் 25 குதிரைவலுவைத் தந்தது. லீற்றர் ஒன்றுக்கு 200 குதிரைவலு என்பது இதன் பொருள். காற்றை அழுத்திச் செலுத்தும் துணைக்கருவி எதுவுமின்றி அவ்வளவை முதன்முதல் எட்டிய எந்திரம் இதுவே. ஆனால் அதனை ஓட்டுவது எளிதன்று. அலைகள் காலந்தவறாது திரும்பும் குறுகிய சுழற்சி எல்லைக்குள்ளேயே அவ்வலு வெளிப்படும். எல்லைக்குக் கீழே எந்திரம் உறங்கும். அளவுக்கு மிஞ்சிச் சூடேறினாற் பிஸ்டன் பருத்து உருளையோடு இறுகிவிடும். பின்சக்கரம் நின்று ஓட்டுவோர் தூக்கி எறியப்படுவர். ஆதலால் கிளச்சுப் பிடியின் மேல் விரல் வைத்தபடியே ஓட்டுதல் வழக்கமாயிற்று.

இவ்வெந்திரத்தை நன்கறிந்து ஓட்டியவர் ஏர்ன்ஸ்ட் டெக்னர். 1931-இற் பிறந்த அவர் 1956-இல் எம்.சட். பிரிவிற் சேர்ந்தார். 1961-ஆம் ஆண்டு உலகப் பந்தயத் தொடரில் ஹொக்கன்ஹைம், சாக்சென்றிங், மொன்சா ஆகிய மூன்றிடங்களில் வென்று, 125 சி.சி. பிரிவில் ஹொண்டாவின் வீரர் டொம் பிலிசுடன் உலகப் பட்டத்துக்குப் போட்டியிட்டார். அவ்வாண்டு ஆகத்து 13-இல் பேர்லின் நகரின் குறுக்கே மதில் எழத் தொடங்கிற்று. அம்மதிலுக்கு அப்பாற் செல்லும் முடிவை டெக்னர் தம்முள்ளே எடுத்துக்கொண்டார். யப்பானின் சுசுக்கி நிறுவனத்தாருடன் மறைவாகப் பேச்சும் நடந்தது.

செப்ரெம்பர் 17-இல் சுவீடனின் கிறிஸ்தியன்ஸ்தாத் நகரிற் பந்தயம் நடைபெற்றது. அதே நாட்களில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் மோட்டார் வண்டியொன்றில் மறைக்கப்பட்டு மேற்கு ஜேர்மனியை அடைந்தனர். பந்தயத்தின் தொடக்கத்திலேயே டெக்னரின் எந்திரம் பழுதுற்றது. அவர் குழுவினரிடம் திரும்பவில்லை. டென்மார்க்கு வழியாகக் குடும்பத்தாரைச் சென்றடைந்தார். எந்திரத்தை வேண்டுமென்றே கெடுத்தார் எனக் கிழக்கு ஜேர்மனியினர் குற்றஞ்சாட்டினர். உலகப் பட்டம் பிலிசைச் சேர்ந்தது.

டெக்னர் யப்பானின் ஹமமட்சு நகருக்குச் சென்றார். முந்தைய இரு ஆண்டுகளும் மான் தீவுப் பந்தயத்திற் பின்தங்கி நின்ற சுசுக்கி நிறுவனம் அவர் உரைத்த நுட்பங்களைக் கொண்டு புதிய எந்திரங்களைச் செய்தது. 1962-இல் மான் தீவில் நடந்த 50 சி.சி. பந்தயத்தை அவர் வென்றார். அவ்வாண்டின் 50 சி.சி. உலகப் பட்டத்தையும் பெற்றார். உலகப் பட்டம் பெற்ற முதல் ஈரடிப்பு எந்திரம் ட்சோப்பாவின் பெயரையன்றிச் சுசுக்கியின் பெயரையே தாங்கியது. அடுத்த ஆண்டு அந்நிறுவனம் 50, 125 ஆகிய இரு பட்டங்களையும் வென்றது. 1964-இல் 250 சி.சி. பட்டம் யமகாவின் ஈரடிப்பு எந்திரத்துக்குரியதாயிற்று.

இச்செயலை எவ்வாறு மதிப்பிடுவது? காடன் பக்கம் நின்று நோக்குவார்க்கு இது நட்புக்குச் செய்த இரண்டகம்; எட்டாண்டு உழைப்பு ஒரே இரவிற் கைமாறிற்று. டெக்னர் பக்கம் நின்று நோக்குவார்க்கு இது மனைவி மக்களோடு விரும்பிய நாட்டில் வாழும் உரிமை; கையில் வேறு செல்வமில்லாதவர் தாம் அறிந்ததையே விலையாகக் கொடுத்தார். இரண்டும் மெய்யே. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழித்தல் நேர்மையாகாது. மதில் எழுந்திராவிடின் அவ்விருவரும் ஒரே பட்டறையில் அப்பட்டத்தை வென்றிருத்தல் கூடும்.

பின்னாளில் இருவருக்கும் நிறைவு வாய்க்கவில்லை. 1963-இல் யப்பானின் சுசுக்கா ஓடுதளத்தில் டெக்னர் விழுந்து, தீப்பற்றிக் கொடிய காயமுற்றார். தோல் ஒட்டும் சிகிச்சை பலமுறை செய்யப்பட்டது. 1983-இல் தெனரீப் தீவில் 51-ஆம் வயதில் அவர் மறைந்தார். சுசுக்காவின் வளைவொன்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. காடனோ தம் நகரை விட்டு அகலவில்லை. அவருடைய எந்திரங்கள் 13 உலகத் தொடர்ப் பந்தயங்களை வென்றபோதும் உலகப் பட்டம் ஒன்றையேனும் பெறவில்லை. மதில் வீழ்ந்ததைக் கண்டபின், 1996-இல் அவர் மறைந்தார்.

அவர்தம் குழாயோ உலகெங்கும் பரவிற்று. 1969-இல் கவசாக்கி வெளியிட்ட மூன்று உருளைகள் கொண்ட 500 சி.சி. வண்டி 60 குதிரைவலு உடையது. நேரான பாதையிற் கால் மைலை ஏறத்தாழ 13 விநாடியிற் கடந்து, அமெரிக்காவின் நெடுங்கோட்டுப் பந்தயக்காரரை அது கவர்ந்தது. 1975 முதல் 2001 வரை 500 சி.சி. உலகப் பட்டம் அனைத்தும் ஈரடிப்பு எந்திரங்களுக்கே உரியவாயின. பின்னர் புகை பற்றிய சட்டங்கள் கடுமையாயின. 2012 முதல் உலகத் தொடரின் எப்பிரிவிலும் அவை இடம்பெறவில்லை.

எனினும் பழைய வண்டிகளைப் பேணுவோர் பல நாடுகளில் உளர். பெற்றோலில் எண்ணெயை அளந்து ஊற்றி, நீலப் புகை எழ, அவற்றைக் கால் மைல் ஓட்டத்துக்கு நிறுத்துகின்றனர். அவ்வண்டிகளின் பக்கத்தே, நடுவிற் பருத்து முனையிற் சிறுத்த குழாய் ஒன்றைக் காணலாம். அதன் மேல் எந்நாட்டு நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பினும், அதன் வடிவம் ட்சோப்பாவில் வால்டர் காடன் தேர்ந்து கண்ட வடிவமேயாகும்.