பெரியவர்களோடு படகுப் பயணம்: டால்பினைப் பார்க்கும் முன் படகைப் பாருங்கள்

பள்ளி விடுமுறை வந்தால் குடும்பத்தோடு கடலோரம் போகத் திட்டமிடுவோர் பலர். பிள்ளைகள் டால்பின், ஆமை, கழுகு என்று கேட்பார்கள். பாட்டியோ, "நீங்க போயிட்டு வாங்கய்யா, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்பார். அவருக்கும் பார்க்க ஆசைதான். தோட்டத்தில் மேடு பள்ளம் ஏறி இறங்கிப் பால்மரம் வெட்டிய முழங்கால்களும், பிள்ளைகளுக்குத் தொந்தரவாகிவிடுவோமோ என்ற கூச்சமும்தான் அப்படிச் சொல்ல வைக்கின்றன. படகையும் இடத்தையும் சரியாகத் தேர்ந்தெடுத்தால் அவரைப் படகுத்துறையில் விட்டுச் செல்ல வேண்டியதில்லை.

முதல் கவலை முதுகெலும்பு

படகு என்றதும் மூழ்குவதைப் பற்றித்தான் பயப்படுகிறோம். ஆனால், பெரியவர்களுக்கு அதிகம் அடிபடுவது ஏறும்போதும் இறங்கும்போதும், வேகமாகப் போகும் படகு அலையில் தூக்கிப் போடும்போதும்தான். விரைவுப் படகின் முன்பகுதி அலைமீது எழும்பி 'டொம்' என்று விழும். எலும்பு பலமிழந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால், கீழே விழாமலேயே முதுகெலும்பு நொறுங்கக்கூடும். வயதான பெண்களுக்கு இந்த ஆபத்து அதிகம். எந்தப் படகாக இருந்தாலும் பெரியவர்களைப் பின்பகுதியில், நடுவில் உட்கார வையுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. ஏறும் முன்பே படகோட்டியிடம் 'பெலான்-பெலான்' என்று சொல்லிவிடுங்கள்.

எந்த இடம் பொருந்தும்?

*லங்காவி, கிலிம்:* நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குப் பொருத்தமான இடங்களில் இது முதன்மையானது. சுண்ணாம்புக் குன்றுகளுக்கும் சதுப்புநிலக் காட்டுக்கும் இடையே ஆறு அமைதியாக ஓடுகிறது. படகுகளுக்குக் கூரை உண்டு. செம்பருந்தையும் வெள்ளை வயிற்றுக் கடற்கழுகையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். குரங்குகளும் கரையில் தெரியும். சாப்பாட்டுப் பையை மூடி வையுங்கள். முகத்துவாரத்தைத் தாண்டித் திறந்த கடலுக்குப் போனால் அலை கூடும். ஆற்றுக்குள்ளேயே சுற்றினால் போதும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வௌவால் குகையில் குனிந்து நடக்க வேண்டியிருக்கும். மிதக்கும் மீன் பண்ணையில் பலகைமேல் நடக்க வேண்டும். இவ்விரண்டையும் பெரியவர்கள் தவிர்க்கலாம்.

*பேராக், கோல செப்பேத்தாங்:* தைப்பிங்கிலிருந்து அரை மணி நேரத்திற்குள் போய்விடலாம். போர்ட் வெல்ட் என்பது இதன் பழைய பெயர். மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து இங்கேதான் வந்தது. பழைய நிலையப் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. பெரியவர்கள் அதை நின்று படிப்பார்கள். படகு மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் ஓரமாக ஆற்றில் போய் முகத்துவாரத்தை அடையும். அங்கே ஐராவதி டால்பின்களும், வளர்ந்தபின் இளஞ்சிவப்பாக மாறும் கூன்முதுகு டால்பின்களும் வாழ்கின்றன. பார்க்கக் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. 'கண்டிப்பாகக் காட்டுவேன்' என்று வாக்குக் கொடுக்கும் படகுக்காரர் அவற்றைத் துரத்திக்கொண்டு போகலாம். டால்பினுக்கும் கேடு, படகில் இருப்பவர் முதுகுக்கும் கேடு.

*கோல சிலாங்கூர்:* இங்கே பார்ப்பது மின்மினிப் பூச்சி. கடல் விலங்கு இல்லை. ஆனாலும், கோலாலம்பூர், கிள்ளான் வாசிகளுக்கு அருகில் இருப்பதால் பலர் கேட்கிறார்கள். தண்ணீர் அமைதியானது. சிரமம் இருட்டில் ஏறுவதுதான். கம்போங் குவாந்தானில் துடுப்புப் போடும் சிறிய சம்பான். ஒருவர் எழுந்து நின்றாலே ஆடும். கண்பார்வை குறைந்தவர்களுக்கு அகலமான மோட்டார் படகு உள்ள இடமே நல்லது. அரை மணி நேரம் முன்பாகப் போய், வெளிச்சம் இருக்கும்போதே படகுத்துறையைப் பார்த்துவிடுங்கள்.

*பெர்ஹெந்தியான், ரெடாங்:* ஆமையைப் பார்க்க இவை சிறந்த தீவுகள். ஆனால், போவது திறந்த கடலில் விரைவுப் படகு. சில கடற்கரைகளில் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும். முதுகுவலி, மூட்டுவலி, அண்மையில் அறுவை சிகிச்சை உள்ளவர்களுக்கு இது வேண்டாம். நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையில் பருவமழைக் காலம். அப்போது யாருக்குமே ஏற்றதல்ல.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. படகுத்துறையில் படியா, ஏணியா, மிதவை மேடையா? கைப்பிடி உண்டா?
2. நாங்கள் போகும் நேரத்தில் தண்ணீர் ஏற்றமா, வற்றமா? தண்ணீர் வற்றினால் படகு படிக்குக் கீழே வெகு ஆழத்தில் நிற்கும். 'ஆயிர் பாசாங்' எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதற்கேற்ப நேரம் குறியுங்கள்.
3. கூரையும் முதுகு சாய்க்கும் இருக்கையும் உண்டா?
4. மொத்தம் எத்தனை மணி நேரம்? வழியில் கழிவறை உண்டா? பாதியில் திரும்ப முடியுமா?
5. பெரியவர் உடம்புக்கு ஏற்ற அளவில் பாதுகாப்பு அங்கி இருக்கிறதா?
6. வானிலை கெட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

முடிந்தால் படகு முழுவதையும் குடும்பத்திற்கே வாடகைக்கு எடுங்கள். மற்றவர்களின் அவசரத்திற்காகப் பெரியவர்கள் ஓட வேண்டியிருக்காது.

புறப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழ முடிகிறதா? ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வேன் படியில் ஏறி இறங்க முடிகிறதா? இரண்டும் முடியாதென்றால் படகு வேண்டாம். கரையோர நடைபாலத்திலிருந்து பறவைகளைப் பார்க்கும் இடமாகத் தேடுங்கள்.

மருந்தும் சாப்பாடும்

கழிவறைக்குப் பயந்து பல பெரியவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். வெயிலில் இது மயக்கத்தில் முடியும். குறுகிய பயணத்தைத் தேர்ந்தெடுத்து, ஏறும் முன் கழிவறைக்கு அழைத்துச் சென்று, சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுங்கள். சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக்கூடாது. எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நீரிழிவுக்காரர் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. இனிப்புப் பானமும் பிஸ்கட்டும் கையில் இருக்கட்டும். வாந்தி வராமலிருக்க விற்கும் மாத்திரைகள் சில பெரியவர்களுக்குத் தூக்கத்தையும் குழப்பத்தையும் தரும். கண் அழுத்தம், புரோஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு அவை பொருந்தாமல் போகலாம். மருந்தாளரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் படகில் தலையை இடித்துக்கொண்டால், காயம் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அன்று காலையில்

பிற்பகலில் இடிமழை வருவது நம் நாட்டில் வழக்கம். அதனால் காலைப் பயணமே நல்லது. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் பலத்த காற்று, கடல் கொந்தளிப்பு எச்சரிக்கைகளை முதல் நாள் இரவும் காலையிலும் பாருங்கள். சேலையை விடத் தளர்வான சட்டையும் கால்சட்டையும், வழுக்காத காலணியும் பாதுகாப்பு. ஏறும்போது ஒருவர் முன்னால் படகிலும், ஒருவர் பின்னால் படகுத்துறையிலும் நிற்க வேண்டும். கையை மட்டும் பிடித்து இழுக்காதீர்கள். முழங்கைக்கு மேலே தாங்கிப் பிடியுங்கள்.

படகுத்துறையில் வந்து நின்றபின் பெரியவர் "வேண்டாம்" என்றால், வற்புறுத்தாதீர்கள். கட்டிய பணம் போனால் போகட்டும். ஒருவர் அவரோடு கரையில் இருங்கள். "சரி, போகலாம்" என்றால், நன்றாகத் தெரியும் பக்கத்து இருக்கையை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளை அவர் அருகில் உட்கார வையுங்கள்.