உவர்நீர் ஊடுருவல் – காவிரிக் கடைமடை

கடலோர நிலத்தடி நன்னீருக்குள் கடல்நீர் புகுவது உவர்நீர் ஊடுருவல். காவிரி கடலை எட்டும் கடைமடையில், திருக்கடையூர், தரங்கம்பாடிப் பக்கத்து உழவர்கள் "தண்ணி உவர்த்துப் போச்சு" என்பார்கள்.

உப்பு, செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவும். 1855இல் இதற்கு விதி வகுத்தவர் ஜெர்மன் உடலியலாளர் அடால்ஃப் ஃபிக். குழாயின் அடியில் உப்பையும் மேலே நன்னீரையும் வைத்து, உயரத்துக்கு உயரம் செறிவு குறைவதை அளந்தார். ஆனால் இந்தப் பரவல் மிக மெதுவானது. நிலத்தடியில் உப்பைப் பெருமளவு சுமந்து வருவது நகரும் நீரே. உள்ளே வரும் கடல்நீரை எதிர்த்து நிற்பது நன்னீரின் எடை. டச்சுக்காரர் பாடன் கைபனும் (1889) ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்கும் (1901) இதைக் கணக்கிட்டனர். கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 விழுக்காடு கனம். எனவே கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே 40 மீட்டர் ஆழம்வரை உப்புநீர் ஏறாது. அந்த 1 மீட்டரை இறைத்துத் தீர்த்தால் உப்பு நாளடைவில் மேலேறும். கடைமடையின் துயரத்தில் பெரும்பங்கு இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

வாய்க்காலிலும் வயலிலும் குளத்திலும் தேங்கிய காவிரி நீர் இறங்கி அந்த எடையைக் காத்துவந்தது. ஆற்றில் வரத்துக் குறைந்து மோட்டார் பெருகியபோது சமநிலை குலைந்தது. 1990களில் இறால் பண்ணைகள் வயல்களுக்கு நடுவே உவர்நீரைத் தேக்கின. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்ற உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று ஆணையிட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை உப்பை மேலிருந்தே கொட்டியது. அடுத்து வந்த பருவமழைகள் அதில் பெரும்பகுதியைக் கழுவின.

பயிருக்கு நேரும் கேடு நுட்பமானது. வேர் நீரை உறிஞ்சி, உப்பின் பெரும்பகுதியை வெளியே விட்டுவிடுகிறது. அதனால் வேரை ஒட்டிய மண்ணில் உப்பு மேலும் அடர்கிறது. ஓர் அளவுக்கு மேல், ஈரம் இருந்தும் நாற்று வாடும். குழியடிச்சான் போன்ற மரபு நெல் உவரைத் தாங்கும். மழைநீரைத் தேக்கி வடிப்பதும், தக்கைப்பூண்டை மடக்கி உழுவதும் பழகிய மருந்துகள்.

உப்பைத் தடுத்து நிறுத்துவதும் ஆற்றுநீரே என்பதால், "கடலில் வீணாகக் கலக்கும் நீர்" என்ற பேச்சு பிழையானது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் சுற்றுச்சூழலுக்கு 10 டிஎம்சியும், தவிர்க்கவியலாமல் கடல் சேர்வதற்கு 4 டிஎம்சியும் ஒதுக்கியது.