நாள் முழுக்க நின்றே வேலையா? கடை ஊழியர்களின் 'உட்காரும் உரிமை' பற்றி தெரிஞ்சுக்கோங்க!

ஜவுளிக்கடை, நகைக்கடை, சூப்பர் மார்க்கெட் என எங்கே போனாலும் ஊழியர்கள் நின்றுகொண்டேதான் இருப்பார்கள். வாடிக்கையாளர் யாருமே இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்பது பல கடைகளில் எழுதப்படாத விதி. ஆனால், தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுப்பது சட்டப்படி கட்டாயம். அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? பார்க்கலாம்.

எப்போது வந்தது இந்தச் சட்டம்?

2021 செப்டம்பர் 6ஆம் தேதி, தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் இதற்கான மசோதாவைச் சட்டப்பேரவையில் தாக்கல் செய்தார். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. பணி நேரம் முழுவதும் நிற்பதால் ஊழியர்களுக்கு உடல்நலக் கோளாறுகள் வருகின்றன என்பதுதான் அரசு சொன்ன காரணம். முழங்கால் வலி, இடுப்பு வலி, கால் வீக்கம், நரம்பு சுருட்டல் என்று நாம் சொல்லும் வெரிகோஸ் வெயின் எல்லாம் இதில் அடக்கம்.

முதலில் கொண்டுவந்தது யார்?

கேரளா. 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. அது சும்மா கிடைத்துவிடவில்லை. கோழிக்கோட்டில் 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் திரண்ட பெண்கள், முதலில் கழிப்பறை வசதிக்காகவும் பிறகு உட்காரும் உரிமைக்காகவும் போராடினார்கள். திருச்சூரில் ஜவுளிக்கடைப் பெண்கள் 2014 கடைசியில் தொடங்கிய போராட்டம் மாதக்கணக்கில் நீடித்தது.

இன்னொரு விஷயம். நின்று வேலை செய்யும் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிவிட்டது. அதே உரிமை தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு வர 73 ஆண்டுகள் ஆகியிருக்கிறது.

யாருக்கெல்லாம் பொருந்தும்?

கடைகள், வணிக நிறுவனங்கள், ஹோட்டல்கள், தியேட்டர்கள் எல்லாம் இந்தச் சட்டத்தில் வரும். ஆண், பெண் என்ற பாகுபாடு கிடையாது. எல்லா ஊழியர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம்.

சிக்கல் எங்கே?

அந்த 'வாய்ப்பு கிடைக்கும்போது' என்ற இடத்தில்தான். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் உட்காரலாம் என்று 22-ஏ பிரிவு கணக்கு சொல்லவில்லை. அதனால் ஸ்டூல் ஓரமாகக் கிடக்கும், ஆனால் சூப்பர்வைசர் முறைப்பார் என்ற நிலை வரலாம். உட்கார்ந்தா வேலை போயிடுமோ என்ற பயம் இருக்கும்வரை, ஸ்டூல் போட்டுவிட்டதாலேயே உரிமை கிடைத்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

வேறு என்ன உரிமைகள் இருக்கின்றன?

* ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வழக்கமான வேலை.
* அதற்கு மேல் வேலை வாங்கினால் இரண்டு மடங்கு கூலி தர வேண்டும்.
* தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும்.
* வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு.

உட்கார விடாமல் தடுப்பவர்கள், இந்த ஒரு மணி நேர ஓய்விலும் கை வைக்கிறார்களா என்று பாருங்கள். உட்காரும் நேரத்துக்குக் கணக்கு இல்லை. ஆனால் இந்த ஓய்வுக்குக் கணக்கு இருக்கிறது.

புகார் எங்கே கொடுப்பது?

உங்கள் மாவட்டத்தில் இருக்கும் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கொடுக்கலாம். கடையின் பெயர், முகவரி, வேலை நேரம், இருக்கை இருக்கிறதா, உட்கார விடுகிறார்களா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். தனியாகக் கொடுக்கத் தயக்கமாக இருந்தால், தொழிற்சங்கம் மூலமாகவோ பலர் சேர்ந்து கையெழுத்திட்டோ கொடுக்கலாம்.

வாடிக்கையாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 'கஸ்டமர் தப்பா நினைப்பாங்க' என்று சொல்லித்தான் பல இடங்களில் ஊழியர்களை நிற்க வைக்கிறார்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, உட்கார்ந்திருக்கும் ஊழியர் பதறி எழுந்தால், 'பரவாயில்ல, உட்காருங்க' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். முதலாளி காதில் விழும்படி சொன்னால் இன்னும் நல்லது.